குறைக்க மட்டும் தெரிந்த பெட்டி

ஜாலான் பாசாரில் மூன்றாவது கடை.
இருபத்து நான்கு படி வைத்த குமிழ் ஒன்றை
சீன நாளிதழில் சுற்றித் தந்தார்கள்.
செந்தூல் பிளாட், பதினோராம் மாடி,
சமையல் மேசையில் ஈயம் உருக்கி
நானே பற்றவைத்தேன்.
அலுமினியப் பெட்டி, நான்கு துளை,
உள்ளே பெரும்பாலும் காற்று.

பிளக் எங்கே என்றார் கோவேந்தன்.
பிளக் இல்லை.
கரண்டு தின்னாத ப்ரீஆம்ப் இது.
வருவதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு
மிச்சத்தை விடும்.
கூட்டத் தெரியாது அதற்கு.
"அப்ப குழாய்னு சொல்லு"
என்று பல் தேய்க்கப் போய்விட்டார்.

குழாய்தான்.
சிடி பிளேயர் தருவதே இரண்டு வோல்ட்,
பவர் ஆம்ப்புக்கு அதுவே அதிகம்.
நடுவில் ஒருவர் நின்று எதற்குப் பெருக்க வேண்டும்,
பெருக்கியதை எதற்கு மறுபடி குறைக்க வேண்டும்?
பழைய ஆக்டிவ் பெட்டியில்
யாரும் வாசிக்காதபோதும் ஒரு இரைச்சல் இருக்கும்,
கீழ் வீட்டில் யாரோ வடை பொரிக்கிற மாதிரி.
இதில் அது இல்லை.
முதல் இரவு,
வீணைத் தந்தி அதிர்வதற்கு முன்
விரல் அதில் வந்து படும் ஓசை கேட்டது.
எழுந்துபோய் விளக்கை அணைத்தேன்.

என் வேலையும் இதுதானே என்று அன்று தோன்றியது.
ஜாலான் டூத்தா நீதிமன்றம்.
பதினாறு வருடமாகத் தமிழை மலாயாக்குகிறேன்.
என் சொந்தக் கரண்டு எதுவும் கலக்கக் கூடாது.

தீபாவளிக்கு வீடு கழுவியபோது
அலமாரியைச் சோபா பக்கம் நகர்த்தினார் கோவேந்தன்.
ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஜன்னலோரம்.
இடையில் எட்டு மீட்டர் கேபிள்,
பாயின் அடியில்.

ஜால்ராவுக்கு யாரோ
கம்பளிச் சட்டை போட்டுவிட்டார்கள்,
கோலாலம்பூர் புழுக்கத்தில்.
தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.
பேசிவ் பெட்டிக்குக் கைபலம் கிடையாது,
நீளம் கூடக் கூட
மேல் ஸ்தாயியைக் கேபிளே வழியில் குடித்துவிடும்.
அரை மீட்டரில் யோக்கியன்.
எட்டு மீட்டரில் பாதி ஊமை.

அந்த வியாழக்கிழமை
கெப்போங்கில் கார் கழுவும் ஆள், சாட்சிக் கூண்டில்.
ஊர் ராமநாதபுரம் பக்கம்.
தெறித்த தண்ணீரில் வெளுத்துப்போன விரல்கள்.
பணத்தை நீயாகத்தானே எடுத்தாய் என்றார் வக்கீல்.
மொழிபெயர்த்தேன்.
அவன் சொன்னான்: "சரிங்க."

ஒப்புக்கொண்ட சரிங்க அல்ல.
கேள்வி காதில் விழுந்தது என்கிற சரிங்க,
முதலாளி திட்டும்போது
தரையைப் பார்த்துச் சொல்கிற சரிங்க.
"பெத்தோல்" என்றேன் நான்.
சொல்லுக்குச் சொல்.
யாங் ஆரிஃப் பேனாவைத் திறந்தார்.

அவன் ஊரிலிருந்து அந்தத் தாள் வரை
எத்தனை மீட்டர் என்று தெரியவில்லை.
பேனா முதல் எழுத்தைப் போடுவதற்குள் எழுந்து
அனுமதி கேட்டேன்,
அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்று சொல்ல.
வக்கீல் ஆட்சேபித்தார்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார் யாங் ஆரிஃப்,
நாற்காலி பேசியதுபோல.
பிறகு, சொல்லுங்கள் என்றார்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
அதில் அவன் எவ்வளவு, நான் எவ்வளவு,
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

இரவு பழைய பெட்டியை எடுத்து
பிளக்கைச் செருகினேன்.
சிவப்பு விளக்கு. கொஞ்ச நேரத்தில் மூடி சூடானது.
எட்டு மீட்டர் தாண்டி
ஜால்ரா பல்லைக் காட்டிச் சிரித்தது,
அதன் பின்னால் அந்த இரைச்சலும்.
"யார் வீட்ல வடை?" என்றார் கோவேந்தன்.

பேசிவ் பெட்டி சாம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில்.
சில சமயம் போகிற போக்கில்
அதன் குமிழை ஒரு படி திருப்புவேன்.
டிக் என்கிறது.
எப்போது தொட்டாலும் சில்லென்று இருக்கிறது.